கிளெய்மா, ஸ்ட்ரைக்கா? யூடியூப் வீடியோவுக்குக் காப்பிரைட் சிக்கல் வந்தால் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

காப்பிரைட் என்ற வார்த்தையோடு யூடியூபிலிருந்து ஒரு மெயில் வந்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்துபோய் வீடியோவையே டெலீட் செய்துவிடுகிறார்கள், இல்லையென்றால் வந்ததைப் படிக்காமலே “இது ஃபேர் யூஸ்” (அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் நியாயமான பயன்பாடு) என்று ஒரு வரி அடித்து டிஸ்ப்யூட், அதாவது மறுப்பு, போட்டுவிடுகிறார்கள். முதல் வகையில் நியாயம் உள்ளவர்கள் தோற்றுப்போகிறார்கள், இரண்டாவது வகையில் நியாயம் இல்லாதவர்கள் சும்மா இருந்த சேனலுக்கு ஸ்ட்ரைக் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாத இழப்பு. உங்கள் வீடியோவில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள், ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

முதலில்: வந்திருப்பது எது?

யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, வீடியோ பட்டியலில் ‘ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே காப்பிரைட் என்று இருந்தால் அதைத் திறந்து விவரம் முழுவதையும் படியுங்கள். யார் உரிமை கோருகிறார்கள், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, ஒலிக்கா படத்துக்கா, எந்தெந்த நாட்டில் என்ன விளைவு, எல்லாம் அதில் இருக்கும்.

கிளெய்ம் என்பது பெரும்பாலும் இயந்திரம் போடுவது. 2007 முதல் யூடியூபில் கன்டென்ட் ஐடி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இசை நிறுவனங்கள், படத் தயாரிப்பாளர்கள், டிவி சேனல்கள் தங்கள் பாட்டையும் படத்தையும் அதில் மாதிரிக் கோப்பாகக் கொடுத்துவைக்கிறார்கள், நீங்கள் அப்லோட் செய்யும் ஒவ்வொன்றையும் இயந்திரம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி விளம்பரப் பணம் அவருக்குப் போகும், அல்லது வீடியோ தடுக்கப்படும், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவர் கணக்கு மட்டும் பார்த்துக்கொள்வார். இதனால் உங்கள் சேனலுக்குக் கெட்ட பெயர் எதுவும் சேராது.

ஸ்ட்ரைக் அப்படி இல்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டத்தின்படி ஒருவர் எழுத்துமூலம் புகார் கொடுத்து உங்கள் வீடியோவை எடுக்க வைத்திருக்கிறார் என்று அர்த்தம். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும், அதோடு இணைந்த மற்ற சேனல்களும் போகும்.

இங்கே மனதில் வைக்க வேண்டியது, இயந்திரத்துக்கு இந்த ஒலியும் அந்த ஒலியும் ஒன்றா என்று மட்டும்தான் தெரியும். நீங்கள் அந்தக் காட்சியை வைத்து இயக்குநரை விமர்சித்தீர்களா, பாடம் நடத்தினீர்களா, திருடினீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நியாயமான பயன்பாடு என்பது நீங்கள் எடுத்துச் சொன்னால்தான் யாராவது ஒரு மனிதர் பரிசீலிக்கும் விஷயம். யூடியூபே வெளியிட்ட கணக்குப்படி 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் 72 கோடிக்கும் மேல் கிளெய்ம்கள் விழுந்தன, அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதற்குத்தான் யாராவது டிஸ்ப்யூட் போட்டார்கள், போட்டவற்றில் 60 சதவீதம் வீடியோ போட்டவருக்குச் சாதகமாகவே முடிந்தது. கேட்காமல் விட்டவர்களில் நியாயம் இருந்தவர்கள் எத்தனை பேரோ என்று யோசித்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

வீடியோ ஓடுகிறது, ஆனால் பணம் எனக்கு வரவில்லை

பின்னணியில் ஒரு பாட்டு ஓடியிருக்கும், அதற்குக் கிளெய்ம் விழுந்திருக்கும். பாட்டு உங்கள் வீடியோவுக்குத் தேவையே இல்லை என்றால் சண்டை போடாதீர்கள். ஸ்டூடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் மியூட் செய்யலாம், அல்லது யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து வேறு இசையை மாற்றி வைக்கலாம். வீடியோவின் முகவரியும் வியூஸும் அப்படியே இருக்கும், திருத்தம் ஏறியதும் கிளெய்ம் தானாக நீங்கிவிடும். பேச்சுக்கு அடியில் பாட்டு ஓடினால் பாட்டை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி சில நேரம் பேச்சையும் கொஞ்சம் கெடுத்துவிடும், அதனால் சேமிக்கும் முன் ஹெட்போன் போட்டு ஒருமுறை கேளுங்கள்.

உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் டிஸ்ப்யூட் போடுங்கள், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கிளெய்ம் விழுந்த 5 நாளுக்குள் போட்டால் முதல் நாளிலிருந்து வரும் பணத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் தனியாக வைத்துக்கொள்ளும், முடிவு வந்ததும் ஜெயித்தவருக்குத் தரும். 5 நாள் தாண்டினால் நீங்கள் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான் நிறுத்திவைப்பார்கள். ஒரு வீடியோவுக்கு வியூஸ் குவிவது முதல் வாரத்தில்தானே, அதனால் இந்த 5 நாள் ரொம்ப முக்கியம்.

டிஸ்ப்யூட் போட்ட பிறகு உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் காலாவதியாகிவிடும். விட்டுக்கொடுக்கலாம், மறுக்கலாம், வீடியோவையே எடுக்கச் சொல்லி நேரடியாக டேக்டவுன் புகாரும் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்தால் ஸ்ட்ரைக். மறுத்தால் நீங்கள் அப்பீல் போகலாம், அதற்கு அவருக்கு 7 நாள்தான்.

வீடியோவே தடுக்கப்பட்டுவிட்டது

சில நாடுகளில் மட்டும் தடையா, எல்லா இடத்திலுமா என்று முதலில் பாருங்கள். உரிமை ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு கையில் இருக்கும், அதனால் இங்கே ஓடுவது சிங்கப்பூரிலோ கனடாவிலோ ஓடாமல் போகலாம், அது உங்கள் தப்பு இல்லை. உங்கள் பார்வையாளர்கள் அந்த நாட்டில் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

எல்லா இடத்திலும் தடை என்றால், இந்த வகைக் கிளெய்முக்கு மட்டும் 30 நாள் காத்திருக்காமல் டிஸ்ப்யூட் என்ற முதல் படியைத் தாண்டி நேராக அப்பீல் போகும் வழி உண்டு. 7 நாளில் பதில் வந்தாக வேண்டும் என்பதால், ஒரு செய்தியை ஒட்டி எடுத்த வீடியோ ஆறிப்போகும் முன் விஷயம் முடியும். ஆனால் அப்பீல் மறுக்கப்பட்டால் அடுத்து வருவது டேக்டவுனும் ஸ்ட்ரைக்கும்தான். சில உரிமையாளர்கள் 7 நாள் தவணை வைத்து டேக்டவுன் போடுவார்கள், அந்த 7 நாளுக்குள் அப்பீலை நீங்களே ரத்து செய்துவிட்டால் ஸ்ட்ரைக் விழாது. இந்தக் கதவு இருப்பது பலருக்குத் தெரியவில்லை.

படத்தை விமர்சனம் செய்தேன், ரியாக்ஷன் போட்டேன், அதற்கும் கிளெய்ம்

இதுதான் இருப்பதிலேயே சிக்கலான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நாம் பிடித்துத் தொங்கும் சில நம்பிக்கைகளைக் கழற்றி வைக்க வேண்டும். பத்து விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. “பாட்டின் உரிமை உரியவர்களுக்கே” என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதினால் உரிமை கிடைத்துவிடாது. பணம் சம்பாதிக்கவில்லை என்பது ஒரு சாதகமான அம்சம், அவ்வளவுதான், அதுவே அனுமதி ஆகாது. படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடுவது, குரலை ஏற்றி இறக்குவது, ஓரத்தில் ஃப்ரேம் கட்டுவது எல்லாம் இயந்திரத்தை ஏமாற்றும் முயற்சி. அதைச் செய்துவிட்டு நியாயம் பேசினால் எதிரே இருப்பவருக்கு நம்பிக்கை வராது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காகப் பயன்படுத்தினீர்கள், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலப் படைப்பின் சந்தை பாதிக்குமா. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு மாதிரி. சொந்த உபயோகமும் ஆராய்ச்சியும், விமர்சனமும் மதிப்புரையும், நடப்புச் செய்தி சொல்வதும் என்று நோக்கங்களைப் பட்டியல் போட்டு, அதற்காக நியாயமாகக் கையாண்டால் மீறல் ஆகாது என்கிறது. அதில் ஒரு நல்ல அம்சம், “அந்தப் படைப்பையோ வேறொரு படைப்பையோ” விமர்சிப்பதற்கு என்று இருக்கிறது. அதாவது புதிய படத்தைப் பற்றிப் பேசும்போது பழைய படத்திலிருந்து ஒரு காட்சியை ஒப்பீட்டுக்குக் காட்டினாலும் இந்தப் பிரிவைச் சொல்லி வாதாட இடம் இருக்கிறது.

நம் ஊர் நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்குக் கேரள உயர்நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உண்டு. புகழ்பெற்ற மலையாள நாடகம் ஒன்றை விமர்சித்து, அதன் காட்சிகளையும் வசனங்களையும் எடுத்தாண்டு எழுதிய எதிர்நாடகம் பற்றிய வழக்கு அது. எவ்வளவு எடுக்கப்பட்டது, அதன் மதிப்பு என்ன, எதற்காக எடுக்கப்பட்டது, இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியாகுமா என்று பார்த்து, நோக்கம் விமர்சனமே என்பதால் எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது நீதிமன்றம்.

ரியாக்ஷன் வீடியோ போடுபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது நியூயார்க்கில் 2017இல் வந்த தீர்ப்பு. ஒரு யூடியூபரின் 5 நிமிடம் 24 விநாடி குறும்படத்திலிருந்து 3 நிமிடம் 15 விநாடியை எடுத்து, ஒரு தம்பதி கிட்டத்தட்ட 14 நிமிட விமர்சன வீடியோ போட்டார்கள். பாதிக்கும் மேல் எடுத்திருக்கிறார்கள், இருந்தும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். ஏனென்றால் கொஞ்சம் காட்டுவது, நிறுத்துவது, நடிப்பையும் வசனத்தையும் வரிவரியாகக் கிழித்துப் பேசுவது, மறுபடி கொஞ்சம் காட்டுவது என்றுதான் வீடியோ முழுவதும் போனது, அதைப் பார்த்தவருக்கு மூலப் படத்தைப் பார்த்த திருப்தி கிடைக்காது. அதே தீர்ப்பில் நீதிபதி இன்னொன்றையும் சேர்த்தே சொன்னார்: எல்லா ரியாக்ஷன் வீடியோவும் இப்படி இல்லை, சிலவற்றில் பேச்சே இல்லாமல் எல்லாரும் சேர்ந்து படம் பார்ப்பதுபோல்தான் இருக்கிறது, அதற்கெல்லாம் இந்தத் தீர்ப்பு பொருந்தாது.

அதனால் உங்கள் வீடியோவைத் திறந்து நேர்மையாகப் பாருங்கள். காட்சியை எடுத்துவிட்டால் உங்கள் பேச்சு நிற்குமா, உங்கள் பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முழுப் படமா என்று இரண்டு கேள்வி போதும். பாட்டு முழுவதையும் ஓடவிட்டு ஓரத்தில் முகத்தைக் காட்டித் தலையாட்டியிருந்தால் தயவுசெய்து டிஸ்ப்யூட் போடாதீர்கள், வெட்டிவிட்டு மறுபடி எடிட் செய்யுங்கள். நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தால் பயப்படாமல் போடுங்கள்.

என்ன எழுதுவது? “ஃபேர் யூஸ், தயவுசெய்து விட்டுவிடுங்கள்” என்பது வேலைக்கு ஆகாது. இப்படி எழுதலாம்:

“என் வீடியோ 12 நிமிடம். அதில் உங்கள் படத்தின் காட்சிகள் நான்கு இடங்களில், மொத்தம் 50 விநாடி வருகின்றன. 2:10இல் வரும் காட்சி, திரைக்கதை முன்னுக்குப் பின் முரணாக இருப்பதைக் காட்ட. 5:32இல் வருவது ஒளிப்பதிவைப் பற்றிப் பேச. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னும் பின்னும் என் விமர்சனம் இருக்கிறது. கதையின் முடிவையோ முழுப் பாடலையோ காட்டவில்லை. படம் பார்க்க விரும்புபவருக்கு இந்த வீடியோ மாற்று ஆகாது.”

அவ்வளவுதான். நிமிடக் கணக்கோடு எழுதுங்கள், கோபத்தை விடுங்கள். படிப்பவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது, அதனால் எளிய ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது.

எடிட்டிங்கிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விமர்சன வீடியோவில் பல நேரம் மாட்டுவது காட்சி இல்லை, காட்சிக்குள் ஓடும் பிஜிஎம்மும் பாட்டும்தான், அதன் உரிமை படத் தயாரிப்பாளரிடம் இல்லாமல் இசை நிறுவனத்திடம் இருக்கும். ஒளிப்பதிவைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒலி எதற்கு? மியூட் செய்து உங்கள் குரலை மேலே போடுங்கள். எதைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதை மட்டும் காட்டுவது சட்டப்படியும் உங்கள் வாதத்தை வலுவாக்கும்.

தியாகராஜர் கீர்த்தனையை நானே பாடினேன், அதற்குக் கிளெய்ம்

கர்நாடக இசை பாடுபவர்கள், பாட்டு டீச்சர்கள், கோயில் கச்சேரியைப் பதிவுசெய்பவர்கள் எல்லாருக்கும் இது நடக்கிறது. கன்டென்ட் ஐடி பதிவை மட்டும் அல்ல, மெட்டையும் ஒப்பிடும். யாரோ ஒரு பாடகரின் ஆல்பம் உள்ளே மாதிரிக் கோப்பாக இருக்கும், அதே கீர்த்தனையை அதே ராகத்தில் அதே சங்கதிகளோடு நீங்கள் பாடினால் இரண்டும் ஒன்று என்று அது நினைத்துக்கொள்ளும். வெளிநாட்டிலும் இதே கதைதான். 2018இல் ஒரு பிரிட்டிஷ் பியானோ கலைஞர் தானே வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையில் 47 விநாடிக்குப் பேஸ்புக்கில் ஒரு பெரிய இசை நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரப்பட்டது. பாக் இறந்தது 1750இல்! அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஒருவர் போட்ட பத்து மணி நேர வெறும் இரைச்சல் வீடியோவுக்கு யூடியூபில் ஐந்து கிளெய்ம்கள் விழுந்தன.

இந்த இடத்தில் தயங்கவே வேண்டாம், டிஸ்ப்யூட் போடுங்கள். இந்தியச் சட்டத்தில் பாடலுக்கான உரிமை, இயற்றியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை. தியாகராஜர் மறைந்தது 1847, முத்துசுவாமி தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827. பாரதி 1921. இவர்கள் பாட்டெல்லாம் எல்லாருக்கும் சொந்தம். டிஸ்ப்யூட்டில் காரணமாகப் பொதுவுடைமை என்பதைத் தேர்ந்தெடுத்து, இயற்றியவர் பெயர், மறைந்த ஆண்டு, பாடியது நீங்கள், பக்கவாத்தியம் வாசித்தவர்கள் யார், எப்போது எங்கே பதிவுசெய்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஆனால் பழைய பாட்டு என்றாலே இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், எனவே 2033 முடியும் வரை காலம் இருக்கிறது. கண்ணதாசன் 1981, அவர் வரிகளுக்கு 2041 வரை. இன்னொன்று, கீர்த்தனை பொதுவுடைமையாக இருந்தாலும் ஒரு வித்வான் பாடிய ரெக்கார்டுக்குத் தனியாக உரிமை உண்டு, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. நீங்கள் பாடலாம், அவர் ரெக்கார்டை எடுத்துப் போட முடியாது. சினிமாப் பாட்டு என்றால் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று அடுக்கு, ஒன்று காலாவதி ஆனாலும் மற்றது நிற்கலாம். அதனால்தான் கரோக்கி போட்டு நீங்களே பாடிய கவர் வீடியோவுக்கும் கிளெய்ம் வருகிறது, அது பெரும்பாலும் சரியான கிளெய்ம்தான். கவருக்கு வரும் கிளெய்மில் சில நேரம் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வாய்ப்பு காட்டும், சண்டைக்கு முன் அதைப் பாருங்கள்.

கல்யாண வீடியோ, பின்னால் சினிமாப் பாட்டு

கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு போடுவதற்கும் பாடுவதற்கும் விலக்கு இருக்கிறது, 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் அதை நினைவூட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் அந்த விலக்கு மண்டபத்தில் பாட்டு ஒலிப்பதற்கு. அதைப் பதிவுசெய்து, அதற்குமேல் எடிட்டிங்கில் முழுப் பாட்டையும் ஏற்றி, உலகமே பார்க்கும்படி போடுவது வேறு காரியம், அதற்கு இந்தப் பிரிவை நம்ப முடியாது.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஒலிப்பது உங்கள் கேமராவில் நேரடியாகப் பதிவானது என்றால், அதற்குக் கிளெய்ம் வந்தாலும் தைரியமாக டிஸ்ப்யூட் போடலாம். ஹைலைட்ஸ் வீடியோவுக்குச் சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், அந்தப் பதிப்பைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டு, யூடியூபுக்கு நாதஸ்வரத்தோடு இன்னொன்றைத் தயார் செய்யுங்கள்.

இலவச இசைதான் போட்டேன், ஆறு மாதம் கழித்துக் கிளெய்ம்

“நோ காப்பிரைட் மியூசிக்” என்று தலைப்பு போட்ட சேனலிலிருந்து எடுத்திருப்பீர்கள். அந்தச் சேனலே அந்த இசைக்கு உரிமையாளரா என்பது முதல் கேள்வி. உரிமையாளராக இருந்தாலும் பிறகு அவர் அதை ஒரு விநியோக நிறுவனத்திடம் கொடுத்துக் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருக்கலாம். இன்னொரு வகை, இலவசமாகக் கிடைக்கும் ஒரே லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சின்ன இசைத் துண்டை, ஆயிரம் பேர் எடுத்துப் பாட்டு செய்கிறார்கள், அதில் ஒருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்த்துவிடுகிறார், உடனே மற்ற 999 பேருக்கும் கிளெய்ம் போகிறது. திட்டமிட்ட மோசடியும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டு பேர் தங்களுக்குச் சொந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பாட்டுகளைத் தங்களுடையது என்று கன்டென்ட் ஐடியில் சேர்த்து 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டி, கடைசியில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இசையை எடுக்கும் அன்றே அனுமதி எழுதியிருக்கும் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். டிஸ்ப்யூட்டில் உரிமம் இருக்கிறது என்பதைத் தேர்ந்தெடுத்து, எங்கிருந்து, எந்தத் தேதியில், என்ன நிபந்தனையில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இசை எங்கிருந்து வந்தது என்றே ஞாபகம் இல்லை என்றால் மாற்றிவிடுவதுதான் வழி.

ஷார்ட்ஸ் தடுக்கப்பட்டது, லைவ் பாதியில் நின்றது

ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போடலாம், ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் எந்த வகைக் கிளெய்ம் இருந்தாலும் அது உலகம் முழுவதும் தடுக்கப்படும். பாட்டு வேண்டும் என்றால் ஒரு நிமிடத்துக்குள் சுருக்குங்கள்.

லைவிலும் இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கோயில் திருவிழா லைவில் பக்கத்து ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடினாலும் முதலில் எச்சரிக்கை வரும், பிறகு படத்துக்குப் பதில் ஒரு நிலையான படம் வரும், அப்புறமும் பாட்டு நிற்கவில்லை என்றால் லைவ் துண்டிக்கப்படும். கேமரா மைக்கை நம்பாமல் வர்ணனையாளருக்குத் தனி மைக் வைத்து, சுற்றுப்புற ஒலியைக் குறைக்க ஒருவரை உட்கார வையுங்கள்.

ஸ்ட்ரைக்கே விழுந்துவிட்டது

வீடியோவை டெலீட் செய்யாதீர்கள். டெலீட் செய்தாலும் ஸ்ட்ரைக் போகாது. உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, பொறுத்துக்கொள்வது. யூடியூபின் காப்பிரைட் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் வேறு தப்பு இல்லாமல் இருந்தால் அது காலாவதியாகிவிடும். தப்பு உங்கள்மேல் என்றால் இதுதான் சரி. இரண்டாவது, புகார் கொடுத்தவருக்கே எழுதி வாபஸ் வாங்கச் சொல்வது. அவர் தொடர்பு முகவரி அறிவிப்பிலேயே இருக்கும். சிறிய தயாரிப்பாளர்கள், குறும்பட இயக்குநர்கள் பல நேரம் மரியாதையாகக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது கவுண்ட்டர் நோட்டிஃபிகேஷன், அதாவது வீடியோவை எடுத்தது தவறு என்று சட்டப்படி கொடுக்கும் எதிர் அறிவிப்பு. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் முழுப் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் எதிர்த்தரப்புக்குப் போகும். சொன்னது பொய்யானால் தண்டனைக்கு உள்ளாவேன் என்றும், வழக்கு வந்தால் அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுகிறேன் என்றும் நீங்கள் எழுதித் தர வேண்டும். கொடுத்த பிறகு அவர்களுக்கு 10 அமெரிக்க வேலை நாள் அவகாசம், அதற்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் நீங்கும். மேலே சொன்ன நியூயார்க் வழக்கே அந்தத் தம்பதி கவுண்ட்டர் கொடுத்ததால் நீதிமன்றம் வரை போனதுதான். வீட்டு முகவரி வெளியே போவதில் ஆபத்து இருக்கிறது என்றால், அரசியல் பேசும் சேனல்களுக்கும் பெண்கள் நடத்தும் சேனல்களுக்கும் இது நிஜமான கவலை, ஒரு வழக்கறிஞர் மூலமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது ஸ்ட்ரைக் என்றால், யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் இருப்பவர்களுக்குச் சேனல் மூடும் முன் 7 நாள் தருவார்கள், அதற்குள் கவுண்ட்டர் கொடுத்தாக வேண்டும். முதல் வேலையாக உங்கள் வீடியோக்களை எல்லாம் இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரைக்கை எடுக்கப் பணம் கேட்கிறார்கள்

இதைப் பேசாமல் விடக் கூடாது. 2019இல் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒருவர்மேல் யூடியூபே வழக்குப் போட்டது, ஏனென்றால் அவர் கேம் வீடியோ போடும் சிலர்மேல் பொய்ப் புகார் கொடுத்து, எடுக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று மிரட்டினார். அவர் 25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. இந்தியாவில் 2025 மே மாதம் ஒரு பெரிய யூடியூபர், ஒரு செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக்கை விலக்க லட்சக்கணக்கில் கேட்டதாக வெளிப்படையாகச் சொன்னார், அந்த நிறுவனம் அவர்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தது. உண்மையான உரிமையாளர் லைசென்ஸ் விலை சொல்வதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் சில விநாடி செய்திக் காட்சியை நடப்பு விவகாரம் பேசக் காட்டியவர்களும் சேனல் போய்விடும் என்ற பயத்திலேயே பணம் கட்டும் நிலை வந்தால், விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் இடம் தரும் 52ஆம் பிரிவு இருந்து என்ன பயன்?

யாராவது கேட்டால் போனில் பேசாதீர்கள், எல்லாவற்றையும் மெயிலில் கேளுங்கள். எந்த வீடியோ, எத்தனை விநாடி, எந்தப் படைப்பு, அதற்கு அவர்கள்தான் உரிமையாளர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். இந்தியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் பதிப்புரிமை மிரட்டல் விடுப்பவர்மேல் நீங்களே வழக்குப் போட்டு, மிரட்டலை நிறுத்தத் தடையும் நஷ்டஈடும் கேட்க வழி தருகிறது. வழக்கறிஞரைப் பார்க்கும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

என் வீடியோவை இன்னொருவர் எடுத்துப் போட்டிருக்கிறார்

ஸ்டூடியோவில் காப்பிரைட் பகுதிக்குப் போனால் உங்கள் முழு வீடியோவை மறுபடி அப்லோட் செய்தவர்கள் பட்டியல் சில சேனல்களுக்குக் காட்டும், அங்கிருந்தே புகார் கொடுக்கலாம், அது இல்லாதவர்கள் படிவம் நிரப்பலாம்.

புகார் கொடுக்கும் முன் அவர் வீடியோவை முழுதாகப் பாருங்கள். 2007இல் ஒரு தாய் தன் குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 விநாடி வீடியோவாகப் போட்டார், பின்னால் ஒரு பாட்டு ஓடியது, இசை நிறுவனம் எடுக்க வைத்தது. அந்த அம்மா விடவில்லை. 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், புகார் அனுப்பும் முன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தாக வேண்டும் என்று சொன்னது. அந்தக் கடமை இப்போது உங்களுக்கும் உண்டு. உங்கள் சமையல் வீடியோவில் 20 விநாடி காட்டி “இந்த அளவு உப்பு தப்பு” என்று ஒருவர் பேசினால் அது விமர்சனம், கோபம் வந்தாலும் விட்டுவிடுங்கள். முழு வீடியோவையும் தூக்கி, உங்கள் லோகோவை மறைத்துப் போட்டிருந்தால் புகார் கொடுங்கள். படிவத்தில் உடனே எடுப்பது, 7 நாள் தவணை கொடுப்பது என்று இரண்டு தேர்வு இருக்கும். எதிரே இருப்பவர் சின்ன சேனல், தெரியாமல் செய்திருப்பார் என்று தோன்றினால் 7 நாளைத் தேர்ந்தெடுங்கள், அதற்குள் அவரே எடுத்துவிட்டால் அவருக்கு ஸ்ட்ரைக் விழாது.